அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை: நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குக் கை மாற்றிவிடுவது எப்படி?

அப்பாவுக்கு 74 வயது. மலக்குடலில் புற்றுநோய். கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து, "இனி மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்று டாக்டர் சொன்ன அன்று குடும்பமே மூச்சு விட்டது. அடுத்த வாரத்திலிருந்து பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள், போன் வருவது குறைந்தது. மலம் வெளியேற வயிற்றில் வைத்த துளையான ஸ்டோமா, அதன்மேல் நிரந்தரமாகிவிட்ட பை, மரத்த பாதம், மேசை நிறைய மாத்திரை மட்டும் அப்படியே இருந்தன. கூடவே அக்காவும்.

நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறவன். எட்டு மாதம் சொதப்பிய பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

படி 1: "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதை விடுங்கள்

நான் கேட்கும்போதெல்லாம் அக்கா "ஒண்ணும் இல்லடா" என்பாள். என்ன வேண்டும் என்று யோசித்து, அதை எனக்குப் பிரித்துக் கொடுத்து, செய்தேனா என்று பார்ப்பது அவளுக்கு இன்னொரு வேலை. அது எனக்கு உறைக்கவே நாளாயிற்று.

அதற்குப் பதில் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொள்பவர் பின்னாலேயே இருந்து, அவர் செய்வதை எல்லாம் எழுதுங்கள். யோசனை சொல்லாதீர்கள். எனக்கு இரண்டரைப் பக்கம் வந்தது. பாதி, கண்ணில் படாத வேலை: பை எத்தனை மிச்சம் என்று எண்ணுவது, குளியலறைத் தரை காய்ந்ததா என்று பார்ப்பது, ராத்திரி அப்பா எழுந்திருக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே படுப்பது.

படி 2: ஒரு வேலையை வேரோடு வாங்கிக்கொள்ளுங்கள்

வேரோடு என்றால் ஞாபகம் வைப்பதும் உங்கள் பொறுப்பு. "மாத்திரை வாங்கணுமா?" என்று கேட்டால் வேலை இன்னும் அவரிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

தூரத்தில் இருந்ததால் நான் மாத்திரையை எடுத்துக்கொண்டேன். ஒரே தாளில் நான்கு கட்டம்: மாத்திரையின் பெயர், எதற்கு, எந்த டாக்டர் எழுதியது, எதுவரை. புற்றுநோய் டாக்டர், சர்க்கரை டாக்டர், குடும்ப டாக்டர் மூவர் சீட்டையும் சேர்த்து எழுதியபோது ஒன்று பிடிபட்டது. ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. வயதானவர்கள் தடுமாறி விழும் ஆபத்தைத் தூக்க மாத்திரை கூட்டும். அப்பாவுக்கோ கீமோவில் கொடுத்த ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால் ஏற்கெனவே பாதத்தில் உணர்ச்சி குறைவு. தாளைக் காட்டியதும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; சிலவகைத் தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் அது தனி வம்பு.

இன்னொன்று: ஆக்ஸாலிபிளாட்டின் கொடுக்கும் மரமரப்பு, மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம். இது தெரியாமல் அக்கா, "நான்தான் சரியா நடக்க வைக்கலையோ" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரித் தகவலைக் கேட்டுச் சொல்வதும் ஒரு உதவிதான்.

கருவி விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. மூன்று மொபைல் செயலி போட்டுப் பார்த்தேன், மூன்றையும் அழித்துவிட்டேன். ஏழு நாளுக்கு, வேளைக்கு ஒரு கட்டமாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியும் சுவரில் ஒட்டிய தாளும் போதும். அப்பா கண்ணிலும் படும்.

படி 3: கை மாற்றுவது (நான் குப்புற விழுந்த இடம்)

ஒரு ஞாயிறு, "நீ போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்று அக்காவை அனுப்பினேன். நாலைந்து வீடியோ பார்த்திருந்த தைரியம். ஒன்றரை மணி நேரத்தில் பை ஒழுகியது. புதுசு மாற்ற, பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டும் தட்டில், ஸ்டோமா நுழையும் துளையைப் பெரிதாக வெட்டிவிட்டேன். ஸ்டோமாவைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி. மலம் தோலில் பட்டு, சாயங்காலத்துக்குள் சிவந்து எரிய ஆரம்பித்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அக்காவைக் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அக்கா வீட்டைவிட்டு நகரவில்லை.

வீடியோவில் கை பழகாது. மூன்று தடவை ஒத்திகை வேண்டும். முதல் தடவை பார்த்துக்கொள்பவர் செய்ய நீங்கள் பாருங்கள். அடுத்தது நீங்கள் செய்யுங்கள், அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். மூன்றாவது தடவை அவர் பக்கத்து அறையில். அக்கா இரண்டாவதில்தான் ரொம்பத் தவித்தாள், கை தானாக நீண்டுகொண்டு வந்தது.

ஒத்திகையில் நான் குறித்துக்கொண்டது:

- மாற்ற நல்ல நேரம், காலையில் எதுவும் சாப்பிடும் முன். அப்போது வெளியேற்றம் குறைவு.
- கீழே திறக்கிற பையை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யுங்கள். பாரம் ஏறினால் தட்டு பெயரும்.
- துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். அறுவைக்குப் பின் முதல் 6 முதல் 8 வாரத்தில் ஸ்டோமா சுருங்கும். பழைய அளவை நம்பாமல் அளவு அட்டையால் திரும்ப அளந்து பாருங்கள்.
- வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய்ப்பசை உள்ள கிரீம், சோப்பு வேண்டாம், ஒட்டாது.
- ஒட்டிய பிறகு உள்ளங்கையை மேலே வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள். பசை சூட்டில்தான் பிடிக்கும். நான் விட்டது இதையும்தான்.
- துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். ஸ்டோமா ஊதா அல்லது கறுப்பாக மாறினால் உடனே ஆஸ்பத்திரி.

தட்டும் பையும் தனித்தனியாக வருவதைவிட ஒன்றாக வருவதையே நான் சொல்வேன். விரல் மரத்தவருக்கு, தட்டையும் பையையும் இணைக்கும் வளையத்தைக் கிளிக் செய்து பூட்டுவது பெரும்பாடு. ஒற்றைப் பைக்கு மாறிய பிறகு, கண்ணாடியைப் பார்த்து ஒட்டுவதை அப்பாவே செய்கிறார். வெட்டித் தருவது மட்டும் நாங்கள்.

படி 4: நாளைக் குறித்துவிடுங்கள்

"முடிஞ்சப்ப வரேன்" உதவாது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு என்னுடையது. விதி ஒன்றுதான்: வெளியே போனவர் போன் செய்யக் கூடாது. மத்தியானம் ஒரு மணிக்கு நானே ஒரு செய்தி அனுப்புவேன். முதல் தடவை அக்கா பதினோரு தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை, அதற்குத் திட்டும் வாங்கினேன்.

படி 5: பரிசோதனை வாரம்

இந்தப் புற்றுநோய்க்குப் பொதுவாக முதல் 2 ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ ரத்தப் பரிசோதனை (நோய் திரும்புகிறதா என்று பார்க்க), பிறகு 5 ஆண்டுவரை 6 மாதத்துக்கு ஒருமுறை. அறுவை முடிந்து ஓராண்டில் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமிருக்காது. என்னால் லீவு எடுக்க முடிவது சில நாள்தான் என்றால், அதைப் பரிசோதனை நாட்களுக்கே வைத்துக்கொள்கிறேன்.

படி 6: பார்த்துக்கொள்பவருக்கும் உடம்பு இருக்கிறது

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்ற கேள்வித்தாள் உண்டு. 22 கேள்வி, உச்ச மதிப்பெண் 88. நான் அதை நீட்டியதும் அக்கா, "பரீட்சை வைக்கிறியா?" என்றாள். கேள்விகளைப் பேச்சுவாக்கில் கேளுங்கள். தள்ளிப்போட்ட அவருடைய பல் டாக்டரும் ரத்த அழுத்தமும் அப்படித்தான் வெளியே வந்தன.

சேர்த்தது: "எங்க வீட்டில் பார்த்துக்கொள்வது 70 வயது மனைவி, அவருக்கே முட்டி வலி" என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் பையைவிட, தூக்கி உட்கார வைப்பதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படித் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு, அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

இன்னொரு சேர்ப்பு: "அம்மா என் கையைத் தவிர யாரையும் தொட விடுவதில்லை" என்று இருவர் சொன்னார்கள். அப்பாவும் அப்படித்தான். அவர் சம்மதித்தது நான் கேட்டு அல்ல. மூன்றாவது ஒத்திகையில் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, "சரியா இருக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றபோது. கொஞ்சம் இடதுபக்கம் தள்ளச் சொன்னார்.

நான் போனை எடுக்காத அந்த ஞாயிறு அக்கா எங்கே போனாள் என்றும் கேட்டிருந்தார்கள். சிநேகிதி வீட்டுக்கு. மூன்று மணி வரை அங்கே தூங்கினாளாம்.