ரத்தத்தில் குமிழி எப்படி வளர்கிறது? எக்செல்லில் ஒரு சின்னக் கணக்கு

குடியாத்தம், காட்பாடிப் பக்கம் கோடையில் பாசனக் கிணற்றில் முங்கி அடிமண் எடுத்து வரும் பையன்களுக்குக் குமிழியால் ஒன்றும் ஆவதில்லை. மூச்சை அடக்கிப் போய்ச் சட்டென்று மேலே வந்துவிடுகிறார்கள். கடலடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நெடுநேரம் இருப்பவருக்குத்தான் நைட்ரஜன் உடலில் கரைந்து சேரும். வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவிடும்.

படி 1: மிகை அழுத்தம்

10 மீட்டர் கடல்நீருக்கு ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4. காற்றில் நைட்ரஜன் 79 விழுக்காடு. ஆகவே நெடுநேரம் இருந்தால் திசுவில் அதன் அழுத்தம் 3.16. மேலே வந்ததும் வெளி அழுத்தம் 1. மிகை 2.16, அதாவது சுமார் 2.2 லட்சம் பாஸ்கல். மற்ற வாயுக்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 2: குமிழி தானாகப் பிறக்குமா?

சின்னக் குமிழியைப் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். தப்பிக்க ஓர் எல்லை உண்டு:

மாறுநிலை ஆரம் = 2 × பரப்பு இழுவிசை ÷ மிகை அழுத்தம்

இழுவிசை நீருக்கு 0.07 நியூட்டன்/மீட்டர். விடை 0.64 மைக்ரோமீட்டர். அதற்குக் கீழே கரையும், மேலே வளரும். அந்த எல்லையைத் தொடத் தேவையான ஆற்றல் (4 × பை ÷ 3) × இழுவிசை × ஆரத்தின் வர்க்கம், 1.2 × 10⁻¹³ ஜூல் வரும். மூலக்கூறுகளின் வெப்ப அசைவு தரும் ஆற்றலோ, 37 டிகிரியில் போல்ட்ஸ்மன் மாறிலியை (கெல்வின்) வெப்பநிலையால் பெருக்கினால், 4.3 × 10⁻²¹ ஜூல்தான். இரண்டுக்கும் விகிதம் 2.8 கோடி!

குமிழி தானாகப் பிறக்கும் வாய்ப்புக்கு எக்ஸ்ப்(−2.8 கோடி), அதாவது எக்செல்லின் EXP, என்று போட்டால் 0 காட்டும். பயப்படாதீர்கள், விடை அதுதான். சுத்தமான திரவத்தில் குமிழி பிறக்கவே பிறக்காது. சோடா மூடியைத் திறந்த கதையோடு முடிக்கும் விளக்கங்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். அப்படியானால் உடலில் நுண்ணிய வாயுக் கருக்கள் முன்பே இருந்தாக வேண்டும்.

படி 3: எத்தனை கருக்கள் வளரும்?

சிறியவை மிகுதி, பெரியவை அரிது என்று கொண்டால், எல்லையைத் தாண்டும் பங்கு எக்ஸ்ப்(−மாறுநிலை ஆரம் ÷ சராசரி ஆரம்). சராசரியை 0.5 மைக்ரோமீட்டர் என்று ஊகமாக வையுங்கள். 30 மீட்டரிலிருந்து வந்தால் 28 விழுக்காடு. 10 மீட்டரிலிருந்து வந்தால் எல்லை 2.4 மைக்ரோமீட்டர், பங்கு 0.8 விழுக்காடு. ஆழம் மூன்று மடங்குதான், குமிழிகளோ முப்பது மடங்குக்கும் மேல்! அழுத்தம் பாதியாகக் குறையும்வரை ஆபத்தில்லை என்று 1908இல் உடலியல் ஆய்வாளர் ஹால்டேன் சொன்ன எல்லையும் இந்த 10 மீட்டர்தான்.

படி 4: வளர்ச்சி

குமிழி அழுத்தம் = வெளி அழுத்தம் + 2 × இழுவிசை ÷ ஆரம்

ஆரம் வளரும் வேகம் = பரவல் மாறிலி × கரைதிறன் × (திசு அழுத்தம் − குமிழி அழுத்தம்) ÷ (குமிழி அழுத்தம் × ஆரம்)

அழுத்தங்கள் எல்லாவற்றையும் பாஸ்கலில் போடுங்கள். பரவல் மாறிலி, கரைதிறன் இரண்டையும் நீருக்கு முறையே 2 × 10⁻⁹ சதுர மீட்டர்/வினாடி, 0.015 என்று எடுக்கலாம். நிஜத் திசுவில் இன்னும் மெதுவாக நடக்கும். 1 மைக்ரோமீட்டரில் தொடங்கி, 1 மில்லிவினாடிக்கு ஒரு வரிசையாக ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். குமிழி பெருத்த பிறகு இடைவெளியை அகலமாக்கலாம். முதலிலேயே அகலமாக்கினால் கணக்கு தாறுமாறாகிவிடும்.

அப்புறம் திசு அழுத்தத்தை 5, 20, 75 நிமிட அரைக்காலங்களில் (திசுவுக்கும் சுவாசக் காற்றுக்கும் உள்ள நைட்ரஜன் அழுத்த வித்தியாசம் பாதியாகும் நேரம்) குறைத்துப் பாருங்கள். கடைசியாக வெளி அழுத்தத்தை 2.8 வளிமண்டலமாக்கி, சுவாசிக்கும் நைட்ரஜனைச் சுழியமாக்குங்கள். 18 மீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை இதுவே. எந்த நிமிடத்தில் ஆரம் குறையத் தொடங்குகிறது என்று அரைக்காலம் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.