'ஓபோ' என்றால் சம்மதம் அல்ல: ஊழியத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் ஊழியத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அங்கே படித்துவிட்டுப் போன ஒரு தம்பி போன மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து வீடியோவில் அழைத்தான். போய் நான்கு மாதம் ஆகிறது. "அண்ணா, இந்த வாரம் மூணு பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறிச்சிட்டோம்" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. "நல்லது தம்பி. அவங்க மூணு பேரும் என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் செய்த அதே தவறு. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை வெளியில் பலரும் மார்மன் சபை என்பார்கள். எங்களில் இளைஞர்கள் 18 வயதிலிருந்து 24 மாதமும், இளம்பெண்கள் 18 மாதமும் முழுநேர ஊழியத்துக்குப் போகலாம். சம்பளம் கிடையாது. எந்த நாடு என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அழைப்புக் கடிதம்தான் சொல்லும். எனக்கு பிலிப்பைன்ஸ் வந்தது. 2014 முதல் 2016 வரை லூசான் தீவில் இருந்தேன்.

நேரத்துக்கு எழுந்திருங்கள், பெயர்ப் பட்டையை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்களுக்கு அங்கேயே சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு.

ஆங்கிலம் போதும் என்று இருந்துவிடுவது

பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் நிறையப் பேருக்குத் தெரியும். கடையில், ஜீப்னி என்ற ஷேர் வண்டியில், ஆஸ்பத்திரியில் அதை வைத்தே சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு அம்மா தன் செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் அழமாட்டார். நான் முதல் மூன்று மாதம் அங்குள்ள டகாலோக் மொழியில் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அவர்கள் திரும்பப் பேசினால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவேன். அந்த மூன்று மாதத்தில் யார் வீட்டுக் கஷ்டமும் என் காதில் விழவில்லை.

வாசலில் நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கதவைத் தட்டுவதற்குப் பதில் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'மனிதர் வந்திருக்கிறேன் ஐயா' என்பதுபோல ஒரு பொருள். பெரியவர்களைப் பார்த்தால் "மானோ போ" என்று சொல்லி அவர்கள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணம் மெதுவாக வரட்டும்.

'ஓபோ'வைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இது நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

'ஓபோ' என்றால் மரியாதையான 'ஆமாம்'. வாசிப்பீர்களா? ஓபோ. ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா? ஓபோ. இந்தத் தேதியில் ஞானஸ்நானம் எடுப்பீர்களா? சீகே போ, அதாவது 'சரிங்க'. வீடு தேடி வந்த பிள்ளைகளின் முகம் வாடக் கூடாது என்பதற்காகவும் அதைச் சொல்வார்கள். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றால் நமக்கு விளங்கிவிடும் இல்லையா? அங்கே அதுபோல "தித்திங்னான் கோ போ" என்பார்கள். 'பார்க்கிறேன்' என்று அர்த்தம். அதையும் நாங்கள் சம்மதக் கணக்கில்தான் எழுதிக்கொண்டோம்.

என் இரண்டாவது ஏரியாவில் ஒரு அம்மா இருந்தார். வயது அறுபதுக்குப் பக்கம். நானாய் என்றுதான் கூப்பிடுவோம், அங்கே அம்மாவுக்கு அந்தச் சொல்தான். சந்தையில் கங்கோங் கீரை விற்பவர். நாங்கள் போகும்போதெல்லாம் தரையில் ஈரச் சாக்கை விரித்து, கீரையை வாழைநாரால் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டே கேட்பார். எல்லாவற்றுக்கும் ஓபோ. இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்தார். ஞானஸ்நானத்துக்கு முந்திய நேர்காணல் முடிந்தது. ஒரு சனிக்கிழமை வெள்ளுடை உடுத்தித் தண்ணீரில் இறங்கினார். மறுநாள் திருவிருந்துக் கூட்டத்தில் அவரைச் சபையின் அங்கத்தினராகத் திடப்படுத்தினோம். இரண்டு வாரத்தில் எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் மட்டும் ஊழியக் கூட்டாளியை மாற்றிக்கொண்டு அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். வாசலில் நின்று தாவோ போ என்றேன். மகள் வந்து, "வலா போ" என்றாள். இல்லையாம். ஆனால் அடுப்படித் திரைக்குக் கீழே நானாயின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. சேறு காயாத நீல ரப்பர் செருப்பு. நான் பார்த்துவிட்டேன் என்று மகளுக்கும் புரிந்துவிட்டது. தெருமுனை வரை கூடவே வந்து மெதுவாகச் சொன்னாள்: சந்தையில் நல்ல வியாபாரமே ஞாயிறு காலைதான். அம்மா எங்களுக்காக மூன்று ஞாயிறு கடை போடவில்லை. சனிக்கிழமை கட்டிவைத்த கீரை மூன்று தடவையும் வாடிக் குப்பைக்குப் போனது. அதற்கு மேல் முடியவில்லை. வர முடியாது என்று சொல்ல வெட்கம், அதனால் ஒளிந்துகொள்கிறார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "என்கிட்ட யாராவது கேட்டிருந்தா அந்த நேரம் நானே கடையைப் பார்த்திருப்பேனே."

ஒன்றரை மாதம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறோம். கீரைக் கட்டைத் தாண்டித்தான் உட்கார்ந்தோம். எந்த நாளில் கடை போடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூட நாங்கள் கேட்கவில்லை.

இது என் ஒருவன் கதை இல்லை. 1997-லேயே அன்றைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, தேவ வார்த்தையின் போஷிப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று சொன்னார். பிலிப்பைன்ஸில் சபை வேகமாக வளர்ந்தது. 2002-ல் அப்போஸ்தலர் டாலின் ஓக்ஸே அங்கே போய் இரண்டு வருடம் தங்கி வேலை செய்தார். சேர்ந்தவர்கள் ஊன்றி நிற்பது அவ்வளவு முக்கியம். இருந்தும் வாரக் கடைசியில் எண்ணிக்கை சொல்லும்போது நமக்குத் தேதி மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும், சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால்தான் அவர்கள் பேசுவார்கள். சபையில் யார் அவர்கள் பக்கத்தில் உட்காருவார் என்பது தெரியாமல் தேதி குறிக்காதீர்கள்.

திருமணத்தைப் பற்றியும் முதலிலேயே, பக்குவமாகக் கேளுங்கள். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் சட்டப்படி திருமணம் செய்த பிறகோ, பிரிந்து வாழத் தொடங்கிய பிறகோதான் ஞானஸ்நானம் எடுக்க முடியும். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது. பழைய திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவு ஏழைகளுக்குக் கட்டுபடியாகாது. பிள்ளைகளோடு இருபது வருடமாக வாழும் ஒரு தம்பதிக்குத் தேதியைக் குறித்துவிட்டு, நேர்காணலில் இதைக் கண்டுபிடித்து முடியாது என்பது பெரிய கொடுமை.

கம்பானியனோடு பேசாமல் இருப்பது

கம்பானியன் என்றால் நம்மோடு ஜோடியாக ஊழியம் செய்யும் கூட்டாளி. இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கோபத்தை வைத்துக்கொண்டு அப்படி இருப்பது நரகம். நான் ஒருவரோடு ஒன்பது நாள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. சோறு யார் வடிப்பது என்ற சண்டை. வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் நேரம் ஒன்று இருக்கிறதே, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

'காயின் தாயோ'

வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தம். சாப்பிடும்போது வந்தவர்களிடம் சொல்லும் உபசார வார்த்தை அது. முதல் தடவையே தட்டை எடுக்காதீர்கள். வீட்டில் அளவோடுதான் பொங்கியிருப்பார்கள்.

காபி

நாங்கள் குடிப்பதில்லை. கலக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாரா வாரம் வீட்டுக்கு அழுதுகொண்டு பேசுவது

2019 வரை எங்களுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் போன், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். பேசுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. போனை வைப்பதற்குள் அந்த வாரம் நடந்த நல்லது ஒன்றையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அழைப்பு வரை அவர்களுக்குத் தூக்கம் வராது.

காலணி

இரண்டு ஜோடி. ஒன்று காயட்டும்.

குறிப்பு எழுதாமல் கிளம்புவது

ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் செய்தி வரும். யாருடைய பெயர் வரும் என்று தெரியாது. நாம் சந்திக்கிறவர்களைப் பற்றிக் குறித்துவைக்கும் ஏரியா புக் இப்போது போனிலேயே இருக்கிறது, எழுத ஐந்து நிமிடம் போதும். எத்தனை பாடம் முடிந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். நானாய் பெயருக்கு எதிரே நான் எழுதிவிட்டு வந்தது 'ஞானஸ்நானம் முடிந்தது' என்று மட்டும்தான். 'கங்கோங் விற்பவர். ஞாயிறு காலை கடை. மகளிடம் பேசவும்' என்று எழுதியிருக்க வேண்டும்.