புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது: ஒரு வேலையைத் தினமும் விடாமல் செய்யப் பழகும் முறை

ஜனவரி 1 அன்று புது டைரி வாங்கி, காலையில் எழுவேன், நடப்பேன், படிப்பேன் என்று எழுதிவைத்துவிட்டுப் பொங்கலுக்குள் விட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி விட்டவர்கள் பெரும்பாலும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு மன உறுதி போதாது, நான் சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மன உறுதி காலையில் ஒரு அளவு இருக்கும், ராத்திரி ஒரு அளவு இருக்கும். அதை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாது. வேலைக்கு ஒரு வேளையும் இடமும் முன்னேற்பாடும் அமைத்துக்கொடுத்தால், மனசு சரியில்லாத நாளிலும் அது நடந்துவிடும்.

இதை நான் படித்தது பட்டுப்புழு வளர்த்த வீட்டில். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் மல்பெரி. விடியற்காலை, பதினோரு மணி, சாயங்காலம், ராத்திரி பத்து மணி என்று நான்கு வேளையும் புழுவுக்குத் தழை போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க மறுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டபோது ஆயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “புழுவுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாடா கண்ணு? அதுக்குப் பசிக்குது, எழுந்திரு.” ஆயா பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ஒரு வேளைத் தழைகூடத் தவறவிடாதவர்.

முதல் படி: ஒரே ஒரு வேலை, அதுவும் சிறியதாக

முட்டை பொரிந்து வெளியே வரும் புழு எறும்பை விடச் சிறியது. கறுத்து, மயிர்த்துண்டு மாதிரி இருக்கும். அதற்குக் கொழுந்துத் தழையாகப் பார்த்துப் பறித்து, கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். அதே புழு ஏறக்குறைய 25 நாளில் பத்தாயிரம் மடங்கு எடை கூடிவிடும். அது மொத்தமாகத் தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் போகும். முதல் வாரத்தில் கூடை கூடையாகக் கொட்டினால் தழை வாடும், அடியில் ஈரம் சேரும், புழு நோயில் விழும்.

புதுப் பழக்கத்தையும் அந்த முதல் பருவத்துப் புழுவாகவே நினையுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழிலிருந்து. மலைப்பாகத்தான் இருக்கும். முதல் மாதம் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் தினமும் இரண்டு பக்கம் போதும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் படித்து என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் மாதத்தில் பாடத்தை முடிக்க வேண்டாம், உட்காரும் வழக்கத்தை மட்டும் உண்டாக்குங்கள்.

அளவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தலைவலி இருக்கும் நாளில், வீட்டுக்கு உறவுக்காரர் வந்திருக்கும் நாளில் அதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் பாதியாகக் குறையுங்கள். நடை, படிப்பு, சிக்கனம் மூன்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள்.

இரண்டாம் படி: வேலையை மாட்ட ஓர் ஆணி

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊக்கம் தருகிறவர்கள் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழச் சொல்கிறார்கள். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, அடுத்த வாரம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து, அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. ஃபர்ஸ்ட் ஷிப்டில் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். நைட் ஷிப்டில் அதே ஐந்து மணிக்கு மெஷின் முன்னால் நிற்பேன். இந்த மாவட்டங்களில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கை இப்படித்தான். கடிகாரத்தை நம்பி நான் போட்ட திட்டம் ஒவ்வொன்றும் அடுத்த ஷிப்ட் மாறியதும் போய்விட்டது.

அப்புறம்தான் யோசித்தேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் மாறாமல் நடப்பது எது? வேலை முடிந்து வந்ததும் குளிப்பது. பகல் மூன்றரையோ, ராத்திரி பதினொன்றரையோ, காலை ஏழரையோ, எண்ணெய்க் கறையோடு யாரும் படுக்க மாட்டோம். ஆகவே இப்படி ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டினேன்: “குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கொடியில் போட்டதும், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பேன். அதற்கப்புறம்தான் சாப்பாடு.” சாப்பாட்டுக்கு முன்னால் என்று வைத்ததற்குக் காரணம், சாப்பிட்டதும் கண் சொக்கும்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல வருடம் ஆராய்ந்து 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். இதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் நினைப்பவர்களைவிட, இன்னது நடந்ததும் இன்ன இடத்தில் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த நிமிஷத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது எதுவும் இருக்காது. துண்டு கொடியில் விழுந்ததும் கால் நாற்காலிப் பக்கம் போகும்.

ஆணி தேடும்போது மூன்று விஷயம் பாருங்கள். அது ஞாயிறு உட்படத் தினமும் நடப்பதாக இருக்க வேண்டும். எப்போது முடிந்தது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் புது வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது முடிய வேண்டும்.

மூன்றாவதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அண்ணி. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து, செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று முயன்று மூன்று மாதம் நடக்கவே இல்லை. “வீட்டுக்குள்ள கால் வெச்சா போதும் தம்பி, கழுவாத பாத்திரம் கூப்பிடுது” என்றார். இப்போது வேன் நிற்கும் இடத்துக்கே நடைச் செருப்போடு போகிறார். வேன் கிளம்பியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே ஏரிக்கரைக்கு. ஸ்கூல் லீவு நாளில் வேன் வராதே என்று கேட்டேன். அன்றைக்குப் பால் வாங்கப் போகும்போது அதே செருப்பு, பால் பாத்திரத்தைக் கடைக்காரரிடமே வைத்துவிட்டு நடை. இப்படி இரண்டாவது ஆணி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: முந்தின நாளே தழை வெட்டிவை

ராத்திரித் தீனிக்கான தழையை ஆயா ராத்திரி போய் வெட்ட மாட்டார். வெயில் தாழ்ந்ததும் வெட்டி, நிழலான மூலையில் வைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடிவிடுவார். பத்து மணிக்குச் சாக்கை விலக்கினால் தழை பச்சென்று இருக்கும், எடுத்துப் போட வேண்டியதுதான். அந்த நேரத்தில் இருட்டில் அரிவாளோடு கொல்லைக்குப் போக வேண்டியிருந்தால், அவராலும் இருபது வருடம் தவறாமல் செய்திருக்க முடியாது.

உங்கள் வேலையில் ‘தழை வெட்டுவது’ எது என்று கண்டுபிடியுங்கள். எனக்கு அது புத்தகத்தை அன்றைய பக்கத்தில் விரித்து, நாற்காலி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது. உட்கார வேண்டுமானால் புத்தகத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். நடப்பவருக்கு வாசலில் செருப்பு. சேமிப்பவருக்குச் சம்பளம் வந்த அன்றே அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் போகும் ஏற்பாடு.

கெடுக்கும் பொருளைத் தூரத்தில் வைப்பதும் இதில் சேரும். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இரண்டு பக்கம் இரண்டு மணி நேரமாகும். பக்கத்து அறையில் சார்ஜில் போடுங்கள். சைலன்ட்டில் போட்டு மடியில் வைத்துக்கொள்வது எனக்கு ஒரு நாளும் பலித்ததில்லை.

நான்காம் படி: காலண்டரில் ஒரு கோடு

கடையில் கொடுக்கும் மாத காலண்டர் போதும். வேலை முடிந்ததும் அந்தத் தேதியில் பேனாவால் ஒரு கோடு. எவ்வளவு படித்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று எழுத வேண்டாம். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு நாள் விட்டுப்போனால்

விட்டுப்போகும். அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாததால்தான் பலர் மொத்தத்தையும் கைவிடுகிறார்கள்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஆயாவுக்குக் காய்ச்சல். ராத்திரித் தழை என் பொறுப்பு. அன்றைக்குப் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. பத்து மணிக்குள் வந்துவிடலாம் என்று போனவன், விடிந்த பிறகுதான் வந்தேன். தட்டுகளில் தழை எதுவும் மிச்சமில்லை. வெறும் நரம்பும் காம்பும்தான். புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. பயத்தில் இரண்டு வேளைத் தழையைச் சேர்த்து ஒரே நேரத்தில் குவித்தேன். மேலே இருந்தவை தின்றன, அடியில் மாட்டியவை புழுங்கின. தழை சூடேறி நாற்றமடித்தது. அதிலிருந்து அந்தத் தட்டுகளில் பெரிது, சிறிது என்று புழு ஒரே சீராக வளரவில்லை. கடைசியில் பாதி பழுத்துக் கூடு கட்டச் சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் ஏறிவிட்டது, மீதி இன்னும் தழை தின்றுகொண்டிருந்தது. ஆயா திட்டவில்லை. “ஒருவேள போனது போச்சு. அடுத்த வேளைக்கு எப்பவும் போடற அளவத்தானே போட்டிருக்கணும்” என்றார்.

அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். நேற்று விட்ட இரண்டு பக்கத்தையும் சேர்த்து இன்று நான்கு படிக்க வேண்டாம். இன்று இரண்டுதான். ஆனால் இன்று விடக் கூடாது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒவ்வொருவரும் ஒரு சிறு வேலையைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்தார்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி கெடவில்லை என்று கண்டார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாக மாறப் பொதுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் அவரவர் முன்னேறிய போக்கை வைத்துக் கணித்தவை. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்கிறார்களே, அது 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், புது முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு. 22ஆம் நாளும் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

ஆறாம் படி: ஓய்வை முன்பே குறித்துவை

பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும். அந்தச் சமயத்தில் ஏறக்குறைய ஒரு நாள் தின்னாது, தலையைத் தூக்கி அசையாமல் இருக்கும். அப்போது தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவி, ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட எல்லாப் புழுவும் தோலை விட்டு வெளியே வந்த பிறகுதான் கொழுந்துத் தழையில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

குடும்பத்தோடு ஒகேனக்கல் போகும் ஆடிப்பெருக்கு, ஊர்த் திருவிழா, ஷிப்ட் மாறும் நாள் இவற்றைக் காலண்டரில் முன்பே வட்டமிட்டுவிடுங்கள். வட்டமிட்ட நாளில் கோடு வேண்டாம். திரும்பத் தொடங்கும் நாளையும் பக்கத்திலேயே குறியுங்கள், அன்றைக்குப் பாதி அளவு போதும். அன்று காலையில் எழுந்து மனசு வராததால் எடுக்கும் லீவு இந்தக் கணக்கில் சேராது.

ஏழாம் படி: எப்போது கூட்டுவது

துண்டைக் கொடியில் போட்டதும் யோசிக்காமல் உட்கார்ந்துவிடுகிறேன் என்று தெரிந்த பிறகு கூட்டலாம். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது. அப்போது இரண்டு பக்கத்தை நான்காக்கினேன். நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் இன்றும் இரண்டுதான். அண்ணி முதலில் ஏரிக்கரையின் பாதி வரை போய்த் திரும்பினார், இப்போது மறு முனை வரை போகிறார். மதகுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு பாட்டி எதிரே வருவாராம். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் “நேத்து எங்கம்மா காணோம்?” என்று கேட்கிறாராம்.