விளக்கும் பந்தும் போதும், கோள் தேடலாம்

மாணவர்களுக்கு வானியலை அறிமுகப்படுத்தும்போது கோள்களின் பெயர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள், கொட்டாவிதான் வரும். இருட்டறையில் உருண்டையான ஒரு விளக்கை ஏற்றுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, ஒளியை அளக்கும் செயலியோடு ஒரு கைபேசியை நிறுத்துங்கள். விளக்கின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பந்தை நூலில் கட்டி, விளக்குக்கு முன்னால் மெதுவாக நகர்த்துங்கள். திரையில் எண் இறங்கி, மறுபடி ஏறும். பந்து விளக்கை ஒட்டியே போகட்டும். கைபேசிப் பக்கம் வந்தால் கணக்குத் தப்பிவிடும்.

விளக்கு ஒரு விண்மீன், பந்து அதைச் சுற்றும் கோள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இப்படித்தான், விண்மீனின் ஒளி குறைவதைப் பார்த்து, பிற விண்மீன்களைச் சுற்றும் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்தது. வெகு தொலைவிலிருந்து பார்க்கும்போது சூரியனை வியாழன் மறைத்தால் ஒளி ஏறத்தாழ 1% குறையும். பூமி மறைத்தால்? பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. விடையை உடனே சொல்லிவிடாமல், முதலில் அவர்களையே ஊகிக்கவிடுங்கள்.

அப்புறம் அடுத்த கேள்வி: கோளைச் சுற்றிக் காற்று இருந்தால் அந்த ஒளி என்ன ஆகும்? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் வாஸ்ப்-39பி என்ற கோளில் கார்பன் டை ஆக்சைடைக் கண்டது, காற்றினூடே வடிந்து வந்த அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான்.