மண்டைக்கனம் பிடித்த வண்டி

போன ஞாயிறு தெரிந்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் மூன்றாம் வருடம். ஆறு மாதம் காசு சேர்த்துத் தானே கட்டிய ராக் கிராலரை, அதாவது ரிமோட்டில் பாறை ஏறுகிற குட்டி வண்டியை, குழந்தை மாதிரி துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான். பத்தில் ஒரு பங்கு அளவு. தகரத்தில் வளைத்த பாடி, கூரைமேல் கேரியர், கேரியரில் ஒரு ஸ்டெப்னி, இரண்டு குட்டி டீசல் கேன், முன்னால் ஆறு எல்.இ.டி. போடிமெட்டு ஏறுகிற ஏலத்தோட்ட ஜீப் அப்படியே சுருங்கி வந்து மேசைமேல் நின்றது.

"அண்ணே, பாறை ஏற மாட்டேங்குது. மோட்டார் பத்தலண்ணே. பெருசா ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு இதே மாதிரி ஆர்டர் போட்டவன் நான்.

பேட்டரியைத் தலைகீழாகச் செருகுவது, ஸ்க்ரூவைத் தொலைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை புகை வந்தால் அது தானாகப் புரிந்துவிடும். புகை வராமலே காசைத் தின்கிற தவறுகள்தான் ஆபத்து.

கனத்தை மேலே ஏற்றுவது

இரும்பு என்றால் உறுதி என்று நமக்கு ஒரு நம்பிக்கை. என் முதல் வண்டியின் சேசிஸை 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புப் பட்டையில் வெல்டிங் வைத்தேன். 40 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் மட்டும் 470 கிராம். குறுக்குத் துண்டுகளும் ரோல் கேஜும் சேர்ந்தபோது முக்கால் கிலோவைத் தாண்டிவிட்டது. அதே பட்டைகளை அலுமினியத்தில் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து 160 கிராம்தான் வந்திருக்கும். பத்தாததற்கு மேலே கேரியர். அந்தக் கேரியரில் என்ன வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.

மேலூர் பக்கம் மச்சான் தோட்டத்தில் கிணறு வெட்டிப் போட்ட கற்குவியல் ஒன்று உண்டு. முதல் ஓட்டம் அங்கேதான். முதல் கல்லில் ஏறியது. இரண்டாவது கல்லில் முன்சக்கரம் இரண்டும் மேலே போயின. அப்புறம் எருமை குட்டையில் சாய்கிற மாதிரி நிதானமாகப் பின்பக்கம் மல்லாந்தது. மச்சான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை விடுங்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேலே இருந்ததைக் கழற்றியிருக்க வேண்டும். செய்தது என்ன? 55 டர்ன் மோட்டாரை எடுத்துவிட்டு 20 டர்ன் போட்டேன். டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய சுற்று. அது குறைந்தால் வேகம் கூடும். கரண்ட் இழுப்பும் கூடும். கல்லில் முட்டி நிற்கும்போது சூடும் கூடும். வண்டி முன்னைவிட வேகமாக மல்லாந்தது. மூன்றாவது வாரம் மோட்டார் கருகியது, போகிற போக்கில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈ.எஸ்.சி.யையும் கூட்டிக்கொண்டு போனது. பல்டி அடித்து அடித்துப் பின் ஆக்சிலின் பிளாஸ்டிக் உறை விரிந்தது. உடனே உலோக ஆக்சில் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து பதினோராயிரம் ரூபாய். இதில் மோட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொத்தனாரின் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடையும் குவிகிற புள்ளியிலிருந்து அதைத் தொங்கவிட்டால், மேட்டில் ஏறும்போது நூல் பின்சக்கரத்தை நோக்கி நகரும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டிவிட்டால் வண்டி மல்லாக்க. 313 மி.மீ. வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்) உள்ள வண்டியில் எடை முன்னும் பின்னும் சமமாக இருந்து, அந்தப் புள்ளி தரையிலிருந்து 130 மி.மீ. உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய 50 டிகிரியில் கவிழும். புள்ளியை 90 மி.மீ.க்கு இறக்கி, எடையில் 60 சதவீதத்தை முன்னால் கொண்டுவந்தால் 64 டிகிரி வரை தாங்கும். இது காகிதக் கணக்கு. பின் ஸ்பிரிங் அமுங்குவதால் பாறையில் சில டிகிரி குறையும். ஆனாலும் மோட்டாரைத் தொடாமல் கிடைத்த 14 டிகிரி அது.

தம்பியின் வண்டியைச் சமையலறைத் தராசில் ஏற்றினோம். முன்சக்கரங்கள் தராசின்மேல், பின்சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பழைய டைரிகள். டைரி வைக்காவிட்டால் வண்டி சாய்ந்து நின்று, தராசு பொய் சொல்லும். மொத்தம் 2,900 கிராம், முன்னால் 1,310. அதாவது 45 சதவீதம். அப்புறம் ஒரு பலகையில் விரல் உயரத்துக்கு ரீப்பர் அடித்து, பின்சக்கரத்தை அதில் முட்டவைத்துப் பலகையைத் தூக்கினோம். கோணம் பார்க்கப் போனில் ஆப் இருக்கிறது. 45 டிகிரியில் மல்லாந்தது.

"தம்பி, மோட்டார் பத்தாமல்லாம் இல்லடா. இதுக்கு மண்டைக்கனம்."

கேரியரும் ஸ்டெப்னியும் கேன்களும் கழன்றன: 310 கிராம். பின்னால் மேல்தட்டில் இருந்த பேட்டரி முன் ஆக்சிலுக்கு நேர் மேலே, முடிந்தவரை தாழ இறங்கியது. கார் டயர்க் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற எடைப் பட்டைகள் கேட்டால் கொடுப்பார்கள்; அவற்றை முன் ரிம்களின் உட்புறம் சுற்றிலும், பக்கத்துக்கு 90 கிராம் ஒட்டினோம். பின் ரிம்முக்கு ஒன்றும் வேண்டாம். இப்போது மொத்தம் 2,770, முன்னால் 1,500. 54 சதவீதம்தான், இன்னும் போக வேண்டும். ஆனால் பலகையில் 55 டிகிரி வரை நின்றது. தகர பாடிக்குப் பதில் பாலிகார்பனேட் பாடி போட்டால் மிச்சமும் வந்துவிடும். சக்கரத்தில் போடும் எடைக்கும் அளவு உண்டு, அதிகம் போனால் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு போகும். கேரியர் இல்லாமல் அழகு இல்லை என்கிறவர்கள் ஸ்டெப்னியைத் தெர்மாகோலில் செதுக்கிக் கறுப்பு அடியுங்கள். யார் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்?

ஆர்டர் போட்ட மோட்டார் புதன்கிழமை வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பு என்றேன். பிரித்துவிட்டான்.

சர்வோவுக்கு ஈ.எஸ்.சி.யிலிருந்தே சோறு போடுவது

ஸ்டியரிங்கைத் திருப்புகிற குட்டி மோட்டார்தான் சர்வோ. 25 கிலோ முறுக்குவிசை உள்ளதை வாங்கி, ஈ.எஸ்.சி.யிலிருந்து வரும் மின்சாரத்திலேயே ஓட்டுகிறார்கள். இரண்டு கல்லுக்கு நடுவே சக்கரம் சிக்கிய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தச் சர்வோ பல ஆம்பியர் இழுக்கும். விலை குறைந்த ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி., அதாவது பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்கிற பகுதி, 2, 3 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. வோல்டேஜ் விழும், ரிசீவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும், வண்டி அப்படியே நிற்கும். பார்க்கிறவன் ரிமோட்டைத் தட்டுவான், ஆன்டெனாவை நிமிர்த்துவான். நானும் ஒரு ரிமோட்டையே மாற்றியிருக்கிறேன். தனி பி.இ.சி. ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, சர்வோ தாங்கும் வோல்டேஜுக்கு வைத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

யூ ஜாயின்ட் கவை

கியரிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் யூ ஜாயின்ட்டின் கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். கால் சுற்று தள்ளி மாட்டினால் மெதுவாகப் போகும்போது வண்டி விக்கல் எடுக்கும். கியரைக் கழற்றிப் பார்க்காதீர்கள், ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

லாக்டைட்

ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற பசை. நீலம். உலோகத்துக்கு உலோகம் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

சக்கரத்தில் ஓட்டை போடாதது

உள்ளே காற்று அடைபட்டிருந்தால் டயர் கல்லைக் கவ்வாது, பந்து மாதிரி எகிறும். ரிம்மில் இரண்டு சிறு ஓட்டை போதும்.

லைப்போவும் சித்திரை வெயிலும்

பூட்டிய காருக்குள் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை விட்டுவிட்டு ஜிகர்தண்டா குடிக்கப் போகாதீர்கள். ஊதிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள், 4.2 வரை நிரப்பிப் பீரோவில் வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டும்.

சமணர் மலை

பாறை அருமையாகத்தான் இருக்கும். ஆனால் கீழக்குயில்குடியில் இருப்பது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், படுகைகளும் சிற்பங்களும் உள்ள பாறை. அங்கே வேண்டாம். கிணறு வெட்டிய கல் கிடக்காத ஊர் மதுரையைச் சுற்றி ஏது? தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் கல்லிலும் கை வைக்க முடியாது, மோட்டாரிலும் கை வைக்க முடியாது.