இளையோர் துப்பறியும் தொடர்: கடைசிப் பாகத்தை எழுதி முடிப்பது எப்படி?

புதிதாக ஒரு வரி எழுதுமுன், வெளிவந்த பாகங்களை எல்லாம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஒரு நீள நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: கேள்வி, அது எழுந்த பாகமும் பக்கமும், கதையில் அது யாருக்குத் தெரியும், விடை. நான்கு பாகத் தொடரில் முப்பது, நாற்பது கேள்விகளாவது தேறும். எல்லாவற்றுக்கும் விடை சொல்லப் புகுந்தால் நாவல் தேர்வு விடைத்தாளாகிவிடும். தொடரையே தாங்கும் மூன்று கேள்விகளை முழுதாக அவிழுங்கள், பத்துப் பன்னிரண்டைப் போகிற போக்கில் தீருங்கள், மிச்சம் கிடக்கட்டும்.

கடைசிப் பாகத்தில் புதிதாக வந்து இறங்குபவர் குற்றவாளியாக இருக்கவே கூடாது. பதின்மூன்று, பதினான்கு வயது வாசகர்கள் பழைய பாகங்களை எடுத்துவைத்துச் சரிபார்ப்பார்கள். ஏமாற்றினால் மன்னிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. பொருத்தமான ஆள் கைவசம் இல்லையென்றால், அச்சான பக்கங்களில் யாராவது காரணம் சொல்லாமல் செய்த காரியம் ஒன்றைத் தேடுங்கள். நல்லவராக வந்துபோன ஒருவர் எதற்காக அன்று ஊர் சுற்றி வீட்டுக்குப் போனார் என்பது போன்ற சின்ன விஷயம் போதும். அதன்மேல் கட்டலாம்.

கதை காவிரிப் படுகையில் நடந்தால் கெடு தேடி அலைய வேண்டாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மூடியதிலிருந்து அடுத்த திறப்புவரை ஆறு பெரும்பாலும் வெறும் மணல். பிள்ளைகளுக்கும் மே மாதம் விடுமுறை. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று, நான்கு நாளாகும். கடைமடைக்குப் போக மேலும் பல நாள் பிடிக்கும். ஆகவே திருக்காட்டுப்பள்ளி ஆற்றுமணலில் புதைத்த பெட்டிக்கும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாய்க்கால் மதகடியில் ஒளித்த பெட்டிக்கும் கெடு ஒன்றல்ல. முதல் பெட்டி தண்ணீருக்குள் போனபின் இரண்டாவதைத் தேடும் அந்த நாட்களில்தான் நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு நடக்க வேண்டும். ஆண்டைக் குறிப்பிட்டால் அந்த ஆண்டின் திறப்பு நாளைப் பாருங்கள்: 2022-ல் மே 24, 2024-ல் ஜூலை 28. ஏப்ரலில் கரைபுரளும் காவிரியை எழுதினால் தஞ்சாவூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

தடயத்தை மூன்று முறை காட்டுங்கள். ஆறு வறண்ட ஏப்ரலில் மதகு ஷட்டரின் திருகுக்கம்பியில் புது கிரீஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை பத்தியின் நடுவில், துரு, எறும்புப் புற்று, ஆட்டுப் புழுக்கையோடு சேர்த்து ஒரே வாக்கியம். அடுத்த வரியிலேயே பிள்ளைகளுக்குள் சண்டை மூளட்டும். இரண்டாம் முறை ஒருத்தியின் பாவாடையில் கறையாக. மூன்றாம் முறை, தண்ணீரே வராதபோது ஷட்டரை யார் எதற்குத் தூக்கினார்கள் என்று அவளே கேட்கட்டும். பத்தியின் கடைசி வரியில் தடயத்தை வைத்தால் கூர்மையான வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

சிலைத் திருட்டுக் கதை என்றால், ஆதாரம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய கோயில் புகைப்படங்கள் உண்மையான வழக்குகளிலேயே உதவியிருக்கின்றன. பழைய படத்தில் சிலையின் விரல் நுனி உடைந்திருக்கிறது, கோயிலில் இருப்பதில் முழுதாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளால் முடியும். கைது செய்வது போலீஸ் வேலை. கண்டுபிடிப்பதைப் போலீஸுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

குற்றவாளி பத்துப் பக்கம் வாக்குமூலம் கொடுப்பதைத் தவிருங்கள். முக்கால்வாசியைப் பிள்ளைகளே ஊகித்திருக்க வேண்டும். அவர்கள் ஊகத்தில் உள்ள ஒரு தவறை அவர் திருத்தினால் போதும். அதன்பின் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முதல் பாகத்தில் எட்டாம் வகுப்பு படித்தவள் இப்போது பிளஸ் டூ முடித்திருப்பாள். பேச்சிலும் பயத்திலும் அது தெரிய வேண்டும்.

கைப்பிரதியை இருவரிடம் கொடுங்கள்: எல்லாப் பாகமும் படித்தவர் ஒருவர், எதையுமே படிக்காதவர் ஒருவர். இரண்டாமவர் தடுமாறும் இடங்களில் மட்டும் பழைய கதையை ஒரு வரி உரையாடலில் நினைவூட்டுங்கள். முன்கதைச் சுருக்கம் என்று தனி அத்தியாயம் வேண்டாம்.