ஒரு கல்லூரி அணியின் பருவத்தைப் பின்தொடர்வது எப்படி: ஓஹாயோ ஸ்டேட், 2024

பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை நீளும் பருவத்தில், ஓர் அணி எத்தனை ஆட்டங்களை வென்றது என்பதைவிட எப்படித் தோற்றது என்பதைக் கவனிப்பதே பயன் தரும். இரண்டு ஆட்டங்களில் தோற்ற பிறகும் 2024 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்ற ஓஹாயோ ஸ்டேட் இதற்கு நல்ல பாடம். நான்கு முயற்சிகளுக்குள் பந்தை 10 யார்டு நகர்த்த வேண்டும், நகர்த்தினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும் என்ற அளவுக்கு விதி தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே வீரர் பட்டியலைப் படித்துவிடுங்கள். மாணவர்கள் இப்போது எளிதாகக் கல்லூரி மாறுவதால், சென்ற ஆண்டின் அணியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டைக் கணிக்க இயலாது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்தும், தடுப்பு வீரர் கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்தும் அந்த ஆண்டுதான் வந்திருந்தார்கள். தொடக்க ஆட்டங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏக்ரனை 52-6 என்றும் வெஸ்டர்ன் மிச்சிகனை 56-0 என்றும் வென்றதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 12 அன்று ஆரெகனிடம் 32-31 என்று தோற்ற ஆட்டத்தில் கடிகாரத்தைக் கவனியுங்கள். பந்து ஓஹாயோ ஸ்டேட்டிடம் இருக்க, 10 நொடிகள் மீதமிருந்தபோது ஆரெகன் 11 பேருக்குப் பதிலாக 12 பேரைக் களமிறக்கியது. அதற்குத் தண்டனையாக ஓஹாயோ ஸ்டேட்டுக்கு 5 யார்டு கிடைத்தது, ஆனால் கழிந்த 4 நொடிகள் திரும்ப வரவில்லை. அடுத்து பந்தோடு ஓடிய ஹோவர்ட் சறுக்கி விழுந்து கடிகாரத்தை நிறுத்தக் கேட்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சில நாட்களிலேயே விதியின் விளக்கத்தைத் திருத்த வேண்டி வந்தது. இப்படிப்பட்ட தோல்வியால் ஓர் அணியின் தரம் குறைந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றதோ வேறு வகை. (நம் நேரப்படி இரவு 10.30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது.) அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்த எதிரணியின் ஒரே பெரிய பலம் நடுவில் நின்ற தடுப்பு வரிசைதான். ஜெரமையா ஸ்மித் போன்ற பந்து பிடிப்பவரை ஓரத்தில் வைத்துக்கொண்டு அந்த நடுப்பகுதியிலேயே மீண்டும் மீண்டும் முட்டியது ஓஹாயோ ஸ்டேட். ஒவ்வொரு முயற்சியையும் பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கிவைக்கும் முதன்மை சென்டர் காயத்தால் வெளியேறியிருந்த நிலையில் இது பிடிவாதம் என்றே எனக்குப் பட்டது. ஆகவே அடுத்த ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே: அணுகுமுறை மாறியதா?

மாறியது. தேசியப் பட்டத்துக்கான வெளியேற்றுப் போட்டியான பிளேஆஃபின் முதல் சுற்றில் டென்னசியை 42-17 என்று வீழ்த்தியபோது தொடக்கத்திலேயே பந்து நீண்ட தூரம் பறந்தது. காலிறுதியான ரோஸ் பௌலில் அதே ஆரெகனுக்கு எதிராக ஒரு கட்டத்தில் 34-0 என்று முன்னிலை பெற்று, 41-21 என்று வென்றது. ஸ்மித் மட்டும் 187 யார்டு சேர்த்தார்.

பிளேஆஃபில் தரவரிசையையும் ஆட்ட அட்டவணையில் கிடைக்கும் இடத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024-இல் முதன்முறையாக 12 அணிகள் சேர்க்கப்பட்டபோது, தேர்வுக்குழுவின் தரவரிசையில் 6-ஆவதாக இருந்த ஓஹாயோ ஸ்டேட்டுக்கு 8-ஆவது இடமே கிடைத்தது. முதல் நான்கு இடங்கள் மாநாட்டுப் பட்டம் (மாநாடு என்பது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) வென்ற அணிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததே காரணம். மறு ஆண்டே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

அரையிறுதியின் கடைசி நிமிடங்களை மட்டும் தவறவிடாதீர்கள். 21-14 என்று பின்தங்கியிருந்த டெக்சாஸ், பந்தைக் கடத்தினால் டச்டவுன் ஆகும் கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் நின்றது. இரண்டாம் முயற்சியில் பக்கவாட்டில் ஓடப் பார்த்து 7 யார்டு பின்னுக்குப் போனது. நான்காம் முயற்சியில் ஜாக் சாயர், ஒரு காலத்தில் தன் அறைத்தோழராக இருந்த குவின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார்.

ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வென்றதோடு பருவம் முடிந்தது. அந்த ஏப்ரலில் அணியின் 14 வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வாகிப் போனார்கள். அடுத்த ஆகஸ்டில் வீரர் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.